சுற்றுச்சூழல் படிக்கும் பிள்ளைகளும் நம்ம கிணறும்

(வானொலியில் உழவர்களுக்காக நிகழ்த்திய உரை)



உரம், விதை, பூச்சி மருந்து என்று பேசுகிற ஆள் இன்றைக்குக் கல்லூரிப் படிப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. என் தவறு ஒன்றைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்னால் மீஞ்சூர்ப் பக்கத்தில் ஒரு பெரியவர் என்னை வயலுக்குக் கூப்பிட்டார். நடவு செய்து இருபது நாள் ஆன நெல். இலை நுனி கருகி, பயிர் திட்டுத் திட்டாகச் செத்துக்கொண்டிருந்தது. பார்த்தவுடனே, "துத்தநாகச் சத்துக் குறைவு ஐயா, ஏக்கருக்குப் பத்து கிலோ ஜிங்க் சல்பேட் போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். போட்டார், தேறவில்லை. அதற்கு மேல் யூரியாவும் போட்டார். காசுதான் போச்சு.

அவருடைய பேத்தி ராயபுரத்தில் அத்தை வீட்டில் தங்கி, கல்லூரியில் சுற்றுச்சூழல் அறிவியல் படித்துக்கொண்டிருந்தது. லீவுக்கு வந்த பெண், தாத்தா கிணற்றிலும் பக்கத்து மூன்று கிணறுகளிலும் தண்ணீர் பிடித்துக் கல்லூரிக்கு எடுத்துப்போய் அளந்து பார்த்தது. தாத்தா கிணற்றில் மின் கடத்துதிறன் 4-க்கு மேல்! சாதாரணமாக 0.75 வரை இருந்தால் பயமில்லாமல் பாய்ச்சலாம். 2.25-ஐத் தாண்டினால் உவர் நீர். அத்தனை உப்பை ஊற்றிவிட்டு நான் துத்தநாகம் போடச் சொல்லியிருக்கிறேன்! தண்ணீரைப் பார்க்காமல் பயிரை மட்டும் பார்த்தது என் தவறு. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஆற்றிலிருந்தும் கிணற்றிலிருந்தும் எடுப்பதையும் அளந்துதான் பாய்ச்ச வேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் கற்றுக்கொண்டேன்.

சரி, கிணற்றுக்கு உப்பு எப்படி வந்தது? நல்ல தண்ணீர் கடல் தண்ணீரைவிட இலேசு. அதனால் கரையோரப் பூமிக்கடியில் நல்ல நீர் மேலே, உப்பு நீர் கீழே என்று நிற்கும். கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரத்துக்கு நல்ல நீர் நின்றால், அதற்குக் கீழே சுமார் நாற்பது அடி ஆழம் வரை உப்பு ஏறாமல் தாங்கும் என்று ஒரு கணக்கு உண்டு. மேலே ஓர் அடி குறைந்தால் கீழே நாற்பது அடி உப்பு ஏறிவிடும். மீஞ்சூர் வட்டாரத்தில் சென்னை நகரத்துக்கும் ஆலைகளுக்கும் பல ஆண்டுகள் நிலத்தடி நீரை இறைத்தார்கள். நாமும் மோட்டார் வைத்து இறைத்தோம். 1960-களின் கடைசியிலேயே கடல் நீர் உள்ளே வருவதை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அதற்குப் பிறகும் அது நிற்கவில்லை. கரையிலிருந்து பத்து கிலோமீட்டருக்கு மேலும் உப்பு போய்விட்டது. 2010-ல் இதே பக்கத்துக் காட்டுப்பள்ளியில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை தொடங்கியது. நாளொன்றுக்குப் பத்து கோடி லிட்டர். நகரத்துக்கு வழி பிறந்தது. கிணற்றில் ஏறிய உப்பு அவ்வளவு சீக்கிரம் இறங்குமா?

இறங்க வைக்க வழி தேடுகிறவர்களும் மாணவர்கள்தான். ஆரணியாற்றில் பாலேஸ்வரம் தடுப்பணையில் தேங்கும் நீர் சுற்றுக் கிணறுகளில் எவ்வளவு ஊறுகிறது என்று அண்ணா பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர்கள் கிணறு கிணறாக அளந்திருக்கிறார்கள். யாராவது ஒரு பிள்ளை கயிறும் பாட்டிலுமாக உங்கள் கிணற்றுக்கு வந்தால் விரட்டாதீர்கள். அளக்க விடுங்கள். "முடிவை எங்களுக்கும் எழுதிக் கொடுப்பா" என்று கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை.

நீங்களே மாதிரி எடுப்பதானால் இப்படிச் செய்யுங்கள். மோட்டாரை அரை மணி ஓடவிட்ட பிறகு தண்ணீர் பிடியுங்கள். சுத்தமான ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று தடவை அலசி, விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். பெயர், சர்வே நம்பர், தேதி எழுதி ஒட்டுங்கள். மறுநாளைக்குள் மண் பரிசோதனை நிலையத்தில் சேர்த்துவிடுங்கள். கோடையில் ஒரு தடவை, மழைக்குப் பிறகு ஒரு தடவை எடுத்தால்தான் நிலவரம் தெரியும்.

உப்பு என்று தெரிந்தால் ஜிப்சத்தைக் கொண்டுபோய்க் கொட்டவேண்டாம். ஜிப்சம் களர் நிலத்துக்கு மருந்து. வெறும் உவர் நிலத்துக்கு மழை நீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து, வடிகால் வழியாக வெளியேற்றுவதுதான் வைத்தியம். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுங்கள். உப்பைத் தாங்கும் கோ 43 போன்ற ரகங்களைப் பற்றி உங்கள் விரிவாக்க மையத்தில் கேளுங்கள். நம்ம பெரியவரும் உப்புக் குறைந்த மேற்குக் கிணற்றுக்காரரிடம் பேசி நாற்றங்காலுக்கு மட்டும் அந்தத் தண்ணீரை வாங்கினார். அடுத்த பட்டம் முழு விளைச்சல் இல்லாவிட்டாலும் களத்துக்கு நெல் வந்தது.

இனிமேல் படிப்புக்கு வருகிறேன். இந்தப் பாடம் இப்போது எல்லாக் கல்லூரியிலும் உண்டு. உச்ச நீதிமன்றம் 1991-ல் சொன்ன தீர்ப்பைத் தொடர்ந்து, பட்டப் படிப்பு மாணவர் அனைவருக்கும் ஆறு மாதச் சுற்றுச்சூழல் பாடத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்தது. தனிப் பட்டமாகவும் படிக்கலாம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் அறிவியல் துறை இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் ஆய்வு மையம் இருக்கிறது. எண்ணூருக்கு வடக்கே பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பிள்ளைகளுக்கு வேளாண்மை, மீன்வளம் போன்ற தொழிற்கல்வியில் 7.5 சதவீத இட ஒதுக்கீட்டுக்கு 2021-ல் சட்டம் வந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டம் மாணவிகளுக்கு 2022-லும் மாணவர்களுக்கு 2024-லும் தொடங்கியது. தலைமையாசிரியரிடம் விவரம் கேளுங்கள்.

வேலை கிடைக்குமா என்பீர்கள். 1982-ல் அமைந்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், ஆலைகளின் கழிவுநீர்ப் பிரிவு, தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் எல்லாவற்றுக்கும் இந்தப் படிப்பு வேண்டும். இன்னொன்றும் சொல்கிறேன். 2006-ம் ஆண்டு விதிப்படி பெரிய ஆலைகள் பலவற்றுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். முப்பது நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் வேண்டும். அதை வாங்கிப் படித்து, நம்ம ஊர் ஏரியும் வாய்க்காலும் அதில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல, ஊருக்கு ஒரு பிள்ளையாவது வேண்டாமா?

படிக்கும்போதே அனுபவம் பெற வாய்ப்புகள் உண்டு. பிப்ரவரி 2 சதுப்புநில நாள், மார்ச் 22 தண்ணீர் நாள், ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள், செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை கடற்கரைத் தூய்மைப் பணி, டிசம்பர் 5 மண் நாள். பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. சென்னையில் 1988 முதல் மாணவர் அமைப்பு ஒன்று, முட்டையிடும் காலத்தில் ராத்திரி முழுக்கக் கடற்கரையில் நடந்து ஆமை முட்டைகளைப் பாதுகாக்கிறது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. 2017 ஜனவரி 28-ல் எண்ணூர் அருகே கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. மீனவர்களோடு மாணவர்களும் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மறுபடியும் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்ப் படலம். பிள்ளைகளின் மனசு பெரிது. அதற்காக வெறுங்கையால் எண்ணெயைத் தொடக் கூடாது. கையுறை, முகமூடி, காலணி கொடுக்காத இடத்துக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

அந்தப் பேத்தியைப் பற்றிக் கடைசியாக ஒரு வார்த்தை. பட்டம் முடிந்ததும், "போதும், மாப்பிள்ளை பார்க்கலாம்" என்று வீட்டில் சொன்னார்கள். பெரியவர் என்னிடம் யோசனை கேட்டார். "ஐயா, உங்க கிணற்றைப் பற்றி நான் சொன்னது தப்பு, அது சொன்னதுதான் சரி. இதிலே என்கிட்ட யோசனை கேட்கலாமா? அதுகிட்டயே கேளுங்க" என்றேன். கேட்டார். மேல்படிப்புக்கு விண்ணப்பம் வாங்க அவரே பஸ் ஏறிப் போனார்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெண்ணோ பையனோ இருக்கலாம். அடுத்த லீவுக்கு வரும்போது கையில் ஒரு பாட்டிலைக் கொடுத்துக் கிணற்றடிக்கு அனுப்புங்கள்.