விருந்தாய் வந்த ஆசிரியர்

(நம் சங்கத்தின் நத்தம் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வியைப் பற்றிச் சில மொழிகள் கூறுமாறு சங்கத்தார் எமக்குக் கட்டளையிட்டனர். கல்வியின் பெருமையை விரித்துரைப்பின், நீங்கள் பன்முறை கேட்டுச் சலித்த பொருளே மீட்டும் வரும். ஆதலின் அதனை விடுத்து, கற்பிக்க வருபவர் இரவில் எங்கே உறங்குகின்றார், யார் இட்ட சோற்றை உண்கின்றார் என்னும் சிறு வினாவை எடுத்துக்கொள்கின்றோம். வினா சிறிதாயினும், ஓர் ஊரின் மனத்தை அளந்தறிதற்கு ஏற்ற கோல் அதுவே என்பது எம் துணிபு.

பண்டைத் திண்ணைப் பள்ளிக்கூடங்களை ஊரே தாங்கிற்று. வைகறையிலேயே பிள்ளைகள் கூடுவர். மணலில் எழுத்தெழுதிப் பழகுவர். எண்சுவடியை முறை வைத்து ஒப்பிப்பர். ஆசிரியர் இல்லாத பொழுது சட்டாம்பிள்ளை மேற்பார்ப்பான். அமாவாசை, பௌர்ணமியாகிய உவா நாட்களை ஒட்டி ஆசிரியருக்குப் பிள்ளைகள் அளித்த அரிசிக்கு வாவரிசி என்று பெயர். மகாநோன்புக் காலத்தில் அவர்கள் வீடுதோறும் சென்று கோலடித்துப் பாடிப் பெற்ற பணமும் ஆசிரியரையே சேர்ந்தது. ஆசிரியர் செல்வரல்லர்; எனினும் அவரைப் பட்டினி கிடக்க விடுதல் ஊருக்கு இழுக்கு என்று எண்ணினர்.

1855-ஆம் ஆண்டிற் பிறந்த உத்தமதானபுரத்து மகாமகோபாத்தியாயர் சாமிநாதையர் அவர்களின் இளமை வரலாற்றை 'என் சரித்திரம்' என்னும் நூலிற் பலரும் படித்திருப்பீர்கள். அவர் தந்தையார் இராமாயணம் முதலிய கதைகளைச் சொல்லி வாழ்ந்தவர். மைந்தனுக்குத் தமிழ் கற்பிப்பார் எவ்வூரில் உளரென்று கேட்டு, அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என ஊர் ஊராகக் குடும்பத்தோடு பெயர்ந்தார். அவ்வூர்களில் இருந்த அன்பர்கள் இருக்க இடமும் உணவுப் பொருளும் உதவினர். குன்னத்துச் சிதம்பரம் பிள்ளை, செங்கணத்து விருத்தாசல ரெட்டியார் போன்றோர் கைம்மாறு கருதாது பாடஞ் சொல்லினர். பிற்காலத்தில் ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தமிழுலகிற்கு அளித்த பெரியார், இங்ஙனம் பலர் இல்லத்து அன்பினால் வளர்ந்தவரே.

1871-இல் அவர் சென்றடைந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களோ, மாணாக்கரிடம் பொருள் பெறாமற் பாடஞ் சொல்லியதோடு, பலருக்கு உணவும் இடமும் தாமே அளித்துக் கடன்பட்டவர். அவரிடம் கற்றவருள் கிறிஸ்தவராகிய சவேரிநாத பிள்ளையும் உண்டு. நாகூர்க் குலாம் காதிறு நாவலரும் உண்டு.

அன்பர்களே! பழைமை அனைத்தையும் போற்றுதல் எம் நோக்கமன்று. அத்திண்ணைகளில் ஏற இடம்பெறாத பிள்ளைகள் மிகப் பலர். ஊரார் இட்ட சோறும் இன்னாருக்கு இன்னார் இடலாம் என்னும் வரம்புக்குட்பட்டது. பிள்ளையவர்களின் மாணாக்கரும் பாடங் கேட்கும்பொழுது ஒருங்கிருந்தனர், உண்ணும்பொழுது பிரிந்தனர். அக்காலத்து வழக்கம் அது. அவர்கள் ஏட்டின் முன் தொடங்கியதை இலையின் முன் முடித்தல் பின்வந்த நமக்கு வாய்த்த கடன்.

இனிச் சற்றே கடல் கடந்து நோக்குவோம். அமெரிக்க அரசினர் 1961-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் 'பீஸ் கோர்' என்னும் தொண்டர் அமைப்பொன்றை நிறுவினர். அதன் தொண்டர் நம் நாட்டிலும் 1961 முதல் 1976 வரை பணிபுரிந்தனர். உக்ரேன் நாட்டிற்கு அவர்கள் முதலிற் சென்றது 1992-இல். பெரும்பாலும் ஆங்கிலம் கற்பிக்கச் சென்றனர். சென்றவர்களைத் தனி விடுதியில் வைத்திலர். பயிற்சிக் காலமாகிய முதல் மூன்று திங்கள் அளவும் அவ்வூர்க் குடும்பமொன்றில் ஒருவராக வாழச் செய்தனர்.

பூத்தையலிட்ட துணியின்மேல் அப்பமும் உப்பும் ஏந்தி விருந்தினரை எதிர்கொள்ளுதல் அந்நாட்டு மரபு. வாயிலிற் பாதரட்சையைக் களைந்தே இல்லத்துட் புகுவர். உள்ளே அணிதற்கு வீட்டாரே மிதியடி தருவர். செங்கிழங்காகிய பீட்ரூட்டை இட்டுச் சமைக்கும் போர்ஷ் என்னும் சாறு அவர்கள் அன்றாட உணவு. அதனைச் சமைக்கும் மரபை 2022-இல் யுனெஸ்கோ காக்கவேண்டிய பண்பாட்டுச் செல்வமாகப் பதிந்தது. வேற்று நாட்டிளைஞர் அவ்வீட்டு அம்மையாரிடம் அகப்பைக்கும் அடுப்பிற்கும் பெயர் கேட்டு மொழி பயில்வர். பள்ளியில் ஆசிரியர், வீட்டிலோ மழலை பேசும் மாணவர். 2020-இல் கொள்ளைநோய் பரவியபொழுது தொண்டர் அனைவரும் திருப்பி அழைக்கப்பட்டனர். 2022-இல் பெரும் போர் மூண்டது. விருந்து ஓம்பிய அவ்வீட்டார் பலர் தாமே பிற நாடுகளில் விருந்தினராய் அடைக்கலம் புக நேர்ந்தது. இன்று விருந்தளிப்பவர் நாளை விருந்தாகவும் கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இவ்வாழ்க்கையில் யாம் காணும் நுட்பம் ஒன்று. ஒரு வீட்டில் தங்கும் ஆசிரியர் அவ்வீட்டாரிடம் ஒவ்வொரு நாளும் ஏதேனும் கற்றே தீரவேண்டும். கற்றுக்கொண்டே கற்பிப்பவருக்குச் செருக்கு வாராது. தமக்குச் சொல்லிக்கொடுத்த ஊரை அவர் அறியாமை மிக்க ஊர் என்று இகழவும் மாட்டார்.

பவணந்தி முனிவர் தம் நன்னூலில் நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்னும் நான்கினை உவமையாக வைத்தனர். பிறர் இல்லத்தில் உறையும் ஆசிரியருக்கு இவற்றுள் நிறைகோலே நாடோறும் வரும் சோதனை. உண்ட வீட்டுப் பிள்ளையைத் தேர்வில் ஒரு மதிப்பெண் உயர்த்திவிடுமாறு செஞ்சோற்றுக் கடன் தூண்டும். அதற்கு இடங்கொடாமை ஆசிரியர் கடமை. அதனை எதிர்பாராமை வீட்டார் கடமை. பத்திரம் எழுதித் தருக, கணக்குப் பார்த்துத் தருக, தேர்தலுக்குத் துணை வருக என்று அவரை ஏவுவோமாயின், நாம் இட்டது விருந்தன்று, கூலி. வள்ளுவனார் விருந்தோம்பலை அடுத்து இனியவை கூறலை வைத்ததும் உணரத்தக்கது. சோறிட்டுச் சொல்லாற் சுடும் வீட்டில் எவரும் தங்கார்.

நம் நத்தத்திற்கு இவையெல்லாம் எற்றுக்கு என்று வினவுவீர்கள். கூறுகின்றோம். கரந்தமலை அடிவாரத்துச் சிற்றூர்களில் மாம்பழக் காலத்திற் சில பிள்ளைகள் தோப்புக் காவலுக்குச் செல்வர். புளி உலுக்கும் காலத்திற் பெற்றோருடன் சென்று பொறுக்குவர். மாரியம்மன் மாசித் திருவிழாவில் ஊரே கோயிலில் இருக்கும். காலையிற் பேருந்தில் வந்து மாலையிற் பேருந்தில் மீளும் ஆசிரியர், எத்துணை நல்லவராயினும், வருகைப் பதிவேட்டில் 'வரவில்லை' என்று மட்டுமே எழுத இயலும். அவ்வூரில் ஒரு வீட்டிற் கூழ் குடித்து உறங்குபவரோ, பிள்ளை ஏன் வரவில்லை என்பதை அறிவார். மாலையில் அப்பிள்ளையைத் தோப்பிலேயே கண்டு ஒரு பாடஞ் சொல்லவும் வல்லராவார்.

இதற்கு வழிகாட்டிகள் நம் பக்கத்திலேயே உளர். டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் அவர் கணவர் இராமச்சந்திரன் அவர்களும் 1947-இல் சின்னாளபட்டியை அடுத்து நிறுவிய காந்திகிராமம், 1956-இற் கிராமியக் கல்வி நிலையமாகி, 1976-இற் பல்கலைக்கழக நிலை எய்தியது. மாணவர் கிராமங்களிற் சென்று தங்கி ஊர்வாழ்க்கையை அறிதல் அந்நிலையத்துக் கல்வியில் ஒரு பகுதி. 1991, 1992-ஆம் ஆண்டுகளிற் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத் தொண்டர்கள் ஊதியமின்றி மாலைதோறும் முதியோருக்கு எழுத்தறிவித்தனர். 2021 அக்டோபரில், கொள்ளைநோயாற் கல்வி இழந்த பிள்ளைகளுக்காக அரசினர் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில், தெருவில் உள்ள இளைஞரும் மங்கையரும் வீட்டு முற்றத்தையே பள்ளியாக்கினர். தொண்டு செய்ய வருவார் இக்காலத்தும் உளர் என்பதற்கு இவை கரி.

ஆகவே நம் சங்கத்தார்க்கு யாம் செய்யும் விண்ணப்பம் இது. நம் குடும்பங்கள் உள்ள சிற்றூர்தோறும், விடுமுறை நாட்களிற் கற்பிக்க இசையும் தொண்டர் ஒருவருக்கு ஓர் அறையை ஒழித்துக் கொடுப்போம். முற்காலத்து மாணவருக்கு வாரச் சாப்பாடு இட்டதுபோல, நாளுக்கொரு வீடாக ஏழு வீட்டார் உணவளிப்போம். ஒரு வீட்டிற்கும் சுமையாகாது, ஒரு வீட்டிற்கே கடன்பட்டதாகவும் ஆகாது. வருபவர் பெண்மணியாயின், பெண்கள் உள்ள வீட்டிலே இடமளித்து, தம் மகளைப்போற் காத்தல் வேண்டும்.

வருபவர் எக்குலத்தினராயினும் நாம் உண்ணும் இடத்திலேயே, நாம் உண்ணும் கலத்திலேயே உண்ணல் வேண்டும். கற்க வரும் பிள்ளைகளும் எத்தெருவினராயினும் ஒரே பாயில் அமர்தல் வேண்டும். 'நம் சங்கத்துப் பொருளிற் பிறர் பிள்ளைகள் படிப்பதோ?' என்று சிலர் முணுமுணுத்தலை யாம் அறிவோம். தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பு 1950 சனவரி 26 முதல் இந்நாட்டில் நடைமுறையில் உள்ளது. ஆயினும் சட்டம் வாயில் வரையிலேதான் வரும். அடுக்களைக்குள் வருதற்கு வீட்டுத் தாய்மாரின் மனம் இசையவேண்டும். தம்மவரை மட்டும் உயர்த்த எண்ணும் சங்கம் தம்மவரையும் உயர்த்தாது. பக்கத்துத் தெருப் பிள்ளையோடு ஒரு பாயில் அமர்ந்து படியாத நம் பிள்ளை, நாளை மதுரையிலும் சென்னையிலும் எவரோடு அமர்ந்து வேலை செய்வான்?

தாய்மார்களே! இக்காரியத்தில் ஆடவர் தீர்மானம் நிறைவேற்றலாம். அதனை நடத்துவோர் நீங்களே. இன்னொரு கலத்திற்கு அரிசி கூட்டி உலையில் இடுவீர்களாயின், ஓர் ஊருக்கு ஆசிரியர் கிடைப்பர். முதல் அறை எவ்வூரில், முதல் வாரத்து ஏழு வீடுகள் எவை என்பதை இக்கூட்டம் கலைவதற்குள் எழுதித் தருமாறு வேண்டி, எம் சொற்பொழிவை நிறைவு செய்கின்றோம்.