பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள்



மருத்துவர்களும் செவிலியர்களும் உளவியல் ஆலோசகர்களும் சமூகப் பணியாளர்களும் மருத்துவ மாணவர்களும் கூடியிருக்கும் இந்தக் கருத்தரங்கு திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் நடப்பது பொருத்தமானது. தென்காசி, அம்பாசமுத்திரம், திசையன்விளைப் பக்கத்திலிருந்து மனநல சிகிச்சைக்கு வருகிறவர்கள் பலர் பஸ்ஸை விட்டு இறங்கும் ஊர் இது. நாலு மணிக்கே எழுந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவரிடம், "தூக்கம் எப்படி இருக்கு?" என்று கேட்கிறோம். "பரவாயில்ல சார்" என்கிறார். சீட்டில் 'தூக்கம் சரி' என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறோம். அந்தப் 'பரவாயில்ல' என்ற ஒற்றைச் சொல்லைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

என் கையால் நேர்ந்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். மனச்சோர்வுக்கு என்னிடம் மருந்து எடுத்துவந்த ஓர் அம்மா. பீடி சுற்றிப் பிழைப்பவர். "ராத்திரி கால் உளையுது சார், கெடக்க முடியல. எந்திச்சு எலை வெட்டிக்கிட்டு இருப்பேன்" என்றார். நாளெல்லாம் கால் மடக்கி உட்காருகிறார், உளையத்தானே செய்யும் என்று நினைத்தேன். தூக்கமின்மை மனச்சோர்வின் ஒரு பகுதி என்று மாத்திரையின் அளவைக் கூட்டினேன். உளைச்சல் இன்னும் கூடியது. ஒருநாள் கூட வந்த மகள் சொன்னாள்: "அம்மை படுத்தாத்தான் காலை ஆட்டிக்கிட்டே கெடக்கு. எந்திச்சு நடந்தா சரியாயிருது." அந்த இரண்டு வரிதான் நோயைச் சொன்னது. ஓய்வற்ற கால் நோய். ரத்தத்தில் ஃபெரிட்டின் பார்த்தோம். இரும்புச் சத்து அடிமட்டத்தில் இருந்தது. மனச்சோர்வு மருந்துகளில் பல இந்த உளைச்சலைக் கூட்டக்கூடியவை. மருந்தை மாற்றி, இரும்புச் சத்து கொடுத்தபின் சில மாதங்களில் அவர் தூங்கினார். அதுவரை அவர் விழித்திருந்த இரவுகளுக்கு நானும் பொறுப்பு.

பகலிலும் உட்கார முடியாமல் தவிக்கிறவர் வேறு. அது மனப்பிறழ்வு மருந்துகள் தரும் பரபரப்பாக இருக்கலாம். மாலையிலும் இரவிலும், ஓய்வாக உட்கார்ந்தாலோ படுத்தாலோ வருவது கால் நோய். இரண்டுக்கும் மருத்துவம் வேறு. பிரித்தறிய இரண்டு நிமிடக் கேள்வி போதும்.

நாம் செய்யும் இன்னொரு தவறு, மாத்திரை மயக்கத்தைத் தூக்கம் என்று எண்ணிவிடுவது. மனப்பிறழ்வு மருந்துகளான ஒலான்சபின், குளோசபின் எடுப்பவர்களுக்கு உடல் எடை ஏறுகிறது, கழுத்து தடிக்கிறது, குறட்டை கூடுகிறது. "அவிய மூச்சே நின்னுபோவு சார், பெறவு திடுக்குனு இழுக்காவ" என்று மனைவி சொன்னால் அது மூச்சுத்தடைத் தூக்க நோய்க்கான சாட்சி. காலையில் தலைவலி, பகலெல்லாம் அசதி. அதைப் பார்த்து 'மந்தமாக இருக்கிறார், நோய் இன்னும் தீரவில்லை' என்று எழுதுகிறோம். தூக்க மாத்திரை சேர்த்தால் மூச்சுத்தடை மோசமாகவும் கூடும். கழுத்தளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா என்று பார்க்க ஒரு டேப் போதுமே!

நம் பக்கத்துக்கே உரிய தூக்கக்கேடு ஒன்றும் உண்டு. கோயில் கொடைத் திருவிழா. விடிய விடிய வில்லுப்பாட்டு, சாமக்கொடை. இருமுனை மனநோய் உள்ளவர்களுக்கு ஓரிரு இரவுத் தூக்கம் கெட்டாலே மிகை எழுச்சி தொடங்கிவிடலாம். தூங்காமலே களைப்பில்லாமல் துள்ளுகிறார் என்றால் அதுதான் முதல் மணி. கொடைக்குப் போகாதீர்கள் என்று சொல்லும் உரிமை நமக்கில்லை. எந்த மாதம் கொடை என்று முன்பே கேட்டு, எத்தனை மணிக்கு வீடு திரும்புவது, மாத்திரையை எப்போது போடுவது என்று வீட்டாரோடு பேசி வைக்கலாம்.

2013-இல் வந்த மனநோய் வகைப்பாட்டு நூலான டி.எஸ்.எம்.-5, தூக்கமின்மையை மற்ற நோய்களின் நிழல் என்று பார்ப்பதைக் கைவிட்டு, கூடவே இருக்கும் தனி நோயாக வகுத்தது. நம் சீட்டுகள் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. மனச்சோர்வு தெளிந்த பிறகும் தூக்கம் கெட்டே இருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன் நடத்தைச் சிகிச்சைதான் என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் தூக்கம் கெட்டிருப்பது கேட்டால்தானே தெரியவரும்! எழுதப் படிக்கத் தெரியாதவர் வீட்டிலும் மாதக் காலண்டர் தொங்குகிறது. படுத்த நேரம், எழுந்த நேரம், இடையில் விழித்தது, இவற்றை இரண்டு வாரம் அதில் மகளோ மருமகளோ குறித்தால் போதும். நம் புறநோயாளர் சீட்டில் ஒரு பக்கம் நிறையும்.

இன்று பிற்பகல் அமர்வில் நோயாளிகளின் வீட்டார் பேச இருக்கிறார்கள். முன்வரிசை நாற்காலிகளை அவர்களுக்காக விட்டுவைக்குமாறு உங்களைக் கேட்டுக்கொண்டு, முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.