மாலை வேண்டாம், மைக்கைக் கொடுங்கள்

(மகளிர் தினக் கருத்தரங்கில் மாணவர்கள், இயக்கத் தோழர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மார்ச் 8 வந்தால் சாதனைப் பெண்கள் என்று ஒரு பட்டியல் வாசிக்கிறார்கள். முதல் டாக்டர், முதல் விமானி, முதல் பிரதமர். வாசிக்கட்டும், நமக்கொன்றும் பொறாமையில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் சேரியிலிருந்து எத்தனை பேர் என்று கேட்டால், "ஒங்க ஆளுங்கள்ல அப்படி யாரும் இல்லையே" என்கிறார்கள். இல்லையா? இருந்தார்கள். எழுதிவைக்கத்தான் ஆளில்லை.

1855-இல், ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும் நடத்திய பள்ளியில் படித்த முக்தாபாய் என்கிற மாங் சாதிச் சிறுமி ஒரு கட்டுரை எழுதினாள். மாங்குகளும் மகர்களும் படுகிற துயரம்தான் பொருள். 'ஞானோதய' என்ற மராத்தி ஏட்டில் அது அச்சாயிற்று. வேதத்தைப் பார்க்கவே நமக்கு உரிமையில்லை என்றால் அப்புறம் நம் மதம் எதுதான் என்று அந்தப் பிள்ளை கேட்டது. வயது பதினாலு. எந்தப் பாடப்புத்தகத்திலாவது படித்திருக்கிறோமா?

அடுத்து நாக்பூர். 1942 ஜூலையில் அங்கே நடந்த ஒடுக்கப்பட்டோர் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் நம் சென்னை என். சிவராஜ். இது நமக்குத் தெரியும். அதை ஒட்டி ஜூலை 20 அன்று பெண்கள் தனியாக ஒரு மாநாடு நடத்தினார்கள், சுலோசனாபாய் டோங்ரே தலைமையில். வந்திருந்த பெண்கள் சுமார் 25,000 பேர். ஒரு சமூகம் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பதை அதன் பெண்களை வைத்தே அளப்பேன் என்று பாபாசாகேப் பேசியது அந்த மேடையில்தான். அந்த வாக்கியத்தைச் சுவரொட்டியில் போடுகிறோம். எதிரே உட்கார்ந்திருந்த பெண்கள் என்ன கேட்டார்கள் என்பதை யாராவது போட்டோமா?

அவர்கள் போட்ட தீர்மானங்களைப் பாருங்கள். விவாகரத்து உரிமை வேண்டும். ஒருவன் பல பெண்களைக் கட்டுவதைச் சட்டம் தடுக்க வேண்டும். ஆலையிலும் பீடித் தொழிலிலும் நகராட்சியிலும் வேலை செய்கிற பெண்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை வேண்டும். ஆலையில் பெண்களை மேற்பார்க்கப் பெண்ணையே வைக்க வேண்டும். நம் பெண்பிள்ளைகளுக்கு விடுதி வேண்டும். சட்டமன்றத்தில் பெண்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும். சாதி, கூலி, புருஷன் மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார்கள். "பெண் பிரச்சினையை அப்புறம் பார்த்துக்கலாம், முதலில் சாதி ஒழியட்டும்" என்று இன்றைக்கும் சொல்கிற தோழர்களுக்கு, அந்தப் பெண்கள் அன்றைக்கே பதில் சொல்லிவிட்டார்கள்.

நம் ஊர் மீனாம்பாள் சிவராஜை எடுத்துக்கொள்வோம். 1904-இல் ரங்கூனில் பிறந்தவர். 1945-இல் பம்பாயில் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் மகளிர் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றவர். இவரை எப்படி அறிமுகப்படுத்துகிறோம்? "சிவராஜின் துணைவியார்." சிவராஜை "மீனாம்பாளின் கணவர்" என்று எந்த மேடையிலாவது சொல்லியிருப்போமா?

இன்னொருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். தாட்சாயணி வேலாயுதன். கொச்சிப் பக்கம் முளவுகாடு தீவில், புலையர் குடும்பத்தில் 1912-இல் பிறந்தவர். அடுத்த வருஷம், 1913-இல், அங்கே புலையர்கள் கூட்டம் போட நிலம் கிடைக்கவில்லை. கரையில் கூடினால் மண் தீட்டாம். காயலில் தோணிகளைச் சேர்த்துக் கட்டி, தண்ணீர் மேல் கூட்டம் நடத்தினார்கள். அந்தத் தலைமுறையின் குழந்தை இவர். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் வேதியியல் படித்தார். சோதனைச் சாலையில் கிட்டே விடவில்லை. தள்ளி நின்று பார்த்துப் பார்த்தே கற்றார். இந்தியாவில் பட்டம் பெற்ற முதல் தலித் பெண் அவர்தான். பிறகு பள்ளி ஆசிரியை. 1946-இல் சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குப் போனார். அந்தச் சபையில் பெண்கள் 15 பேர். தலித் பெண் இவர் ஒருவர்தான். வயது 34.

தீண்டாமை ஒழிப்புப் பிரிவு 1948 நவம்பர் 29-இல் நிறைவேறியபோது அவர் எழுந்து பேசினார். சட்டத்தில் எழுதினால் மட்டும் போதாது, மக்களிடம் கொண்டுபோக வேண்டும் என்றார். அதே மாதம், வரைவுச் சட்டம் மத்தியில் அதிகாரத்தைக் குவிக்கிறது என்று அம்பேத்கர் முன்னாலேயே விமர்சித்தார். தனி வாக்காளர் தொகுதி கேட்பதையும் எதிர்த்தார். காங்கிரஸ்காரர், வார்தாவில் காந்தி முன்னிலையில் கல்யாணம் செய்துகொண்டவர்.

நாம் ஏன் அவரை மறந்தோம் என்பது இங்கே புரியும். காங்கிரசுக்கு அவர் ஒரு "அரிஜனப் பெண்", கணக்குக் காட்ட ஆனது. நமக்கு அவர் காந்தி பக்கம் நின்றவர், அதனால் வேண்டாம். இரண்டு பக்கமும் கதவைச் சாத்திக்கொண்டோம். தனி வாக்காளர் தொகுதி பற்றி அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. பாபாசாகேப் கேட்டதே சரி. ஆனால் நம்மோடு மாறுபட்ட ஆண் தலைவர்களுக்குப் படம் வைத்து மாலை போடவில்லையா? எம்.சி. ராஜா அம்பேத்கரோடு முரண்பட்டவர்தானே, அவரை வரலாற்றிலிருந்து தள்ளிவிட்டோமா? பெண் என்றால் மட்டும் ஒரு கருத்து பிசகினாலும் ஆளே இல்லாமல் போய்விட வேண்டுமா?

இன்றைக்கு வருவோம். 1989-இல் சிவகாமி 'பழையன கழிதலும்' எழுதினார். ஊருக்குத் தலைவராக இருக்கிற தலித் ஆண், வீட்டுக்குள் பெண்களை எப்படி வைத்திருக்கிறார் என்று காட்டினார். 1992-இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. சேரி மொழியிலேயே, மடத்துக்குள் இருக்கிற சாதியைப் பேசியது. "வீட்டு அழுக்கை வெளியே கொட்டலாமா" என்றார்கள். அழுக்கைக் கூட்டுகிறவளுக்குத்தானே அது எங்கே கிடக்கிறது என்று தெரியும்?

சட்டம் இடம் தருகிறது, நாற்காலி தருவதில்லை. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டத்திலிருந்து ஒரு படம் வெளிவந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் ஊராட்சித் தலைவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார், மற்றவர்கள் நாற்காலியில். 2022-இல் சென்னை மாநகராட்சிக்கு ஒரு தலித் பெண் முதன்முதலாக மேயரானார். இரண்டும் ஒரே தமிழ்நாடு. மேயருக்குக் கைதட்டுவோம். தரையில் உட்காரவைக்கப்பட்ட தலைவர் நாற்காலியில் உட்காரும்வரை கூடவே நிற்போம். இரண்டாவதுதான் இயக்க வேலை.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். மராட்டியத்தில் ஊர்மிளா பவாரும் மீனாட்சி மூனும் அம்பேத்கர் இயக்கத்தில் நின்ற பெண்களைத் தேடிப்போய்ப் பேச்சைப் பதிவு செய்து, 1989-இல் புத்தகமாக்கினார்கள். 'நாங்களும் வரலாறு படைத்தோம்' என்று அதற்குப் பெயர். நம் ஊரில் கூலிப் போராட்டத்தில் முன்னே நின்றவள் யார்? பஞ்சமி நிலத்துக்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தவள் யார்? போலீஸ் அடித்தபோது பிள்ளைகளை எங்கே ஒளித்து வைத்தாள்? இந்த விடுமுறையில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். சொல்கிறபடியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். அந்தக் கிழவி செத்துப்போனால் அந்தப் பக்கமும் போய்விடும்.

தோழர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்கும்போது "வரவேற்புரை", "நன்றியுரை" இரண்டுக்கும் மட்டும் பெண் பெயரைப் போடாதீர்கள். தீர்மானம் எழுதுகிற இடத்தில் போடுங்கள். கணக்கு வைக்கிற இடத்தில் போடுங்கள். 1942-இல் நாக்பூரில் பெண்கள் தங்கள் தீர்மானத்தைத் தாங்களே எழுதினார்கள். நம்மிடம் அது இன்னும் நடக்கவில்லை என்றால், நாம் எங்கே நிற்கிறோம் என்று யோசிப்போம்.

ஜெய்பீம்.