படுத்தவரைப் பார்ப்பவரை யார் பார்ப்பது?

(நமது பங்கின் பொன்விழாவையொட்டி நடந்த நோயாளர் தினத் திருப்பலிக்குப் பின், ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியரும் நம் பங்கைச் சேர்ந்தவருமான சகோதரி ஒருவர் ஆற்றிய உரை)

 

மேடையேறிப் பேசிப் பழகியவள் அல்ல நான். ஊசி போடுவதும், குழந்தைகளுக்கு எடை பார்ப்பதும், பிரசவம் பார்ப்பதுமே 31 ஆண்டுகளாக என் தொழில். "நோயாளிகளைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்கள்" என்று தந்தை அவர்கள் கேட்டார்கள். நோயாளிகளைப் பற்றிப் பேச எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லி ஒப்புக்கொண்டேன்.

"உட்கார்ந்திருப்பவள்" என்று பெண்பாலில் சொன்னது வாய் தவறி அல்ல. பெரியாஸ்பத்திரி ஆண்கள் வார்டுக்குப் போய்ப் பாருங்கள். கட்டிலில் ஓர் ஆண். கட்டிலுக்கடியில் பாய் விரித்து அவர் மனைவியோ தாயோ இருப்பார். பெண்கள் வார்டுக்குப் போய்ப் பாருங்கள். கட்டிலில் ஒரு பெண். கட்டிலுக்கடியில் அவர் மகளோ அக்காளோ இருப்பார். கட்டிலில் படுப்பவர் மாறினாலும் பாய் விரிப்பவர் மாறுவதில்லை.

மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி வருகிறது. கப்பர்நாகூமில், நம் பெரியவர்கள் இராயப்பர் என்று அழைக்கும் புனித பேதுருவின் வீட்டில், அவருடைய மாமியார் காய்ச்சலாய்க் கிடந்தார். ஆண்டவர் அவரைக் குணமாக்கினார். அந்த அம்மாள் எழுந்து எல்லோருக்கும் பணிவிடை செய்தார். நாம் மனத்தில் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கடைசிப் பகுதியைத்தான். காய்ச்சல் விட்டதும் அடுப்படிக்குப் போனாரே, அதுவல்லவா குடும்பப் பெண் என்கிறோம்!

ஆனால் வரிசையைச் சற்றுக் கவனியுங்கள். முதலில் அந்த வீட்டார் அவருக்குக் காய்ச்சல் என்று கவனித்தார்கள். அதை வாய் திறந்து ஆண்டவரிடம் சொன்னார்கள். ஆண்டவர் அவர் படுத்திருந்த இடத்துக்கே போனார். கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் பணிவிடை. நம் வீடுகளிலோ பணிவிடை முதலில் வருகிறது. காய்ச்சலை யாராவது கவனிப்பது கடைசியில் வருகிறது.

இது என் மனத்தாங்கல் மட்டுமல்ல. அரசாங்கக் கணக்கும் இதையே சொல்கிறது. 2019-ல் நாடு முழுவதும் எடுத்த கணக்கின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்காக நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறாள். ஆண் 97 நிமிடம். அதிலும் நூறு ஆண்களில் சுமார் 26 பேர்தான் வீட்டு வேலையில் கை வைக்கிறார்கள். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. அதே வயது ஆண்களில் நூற்றுக்கு 25 பேருக்கு. பேறுகாலமும் மாதவிலக்கும் இதற்குக் காரணம்தான். எல்லோரும் சாப்பிட்ட பின் சட்டியில் மிஞ்சியதைத் தின்பதும் காரணமே. இன்னொன்றும் கேளுங்கள். 1995 முதல் 2021 வரை நம் நாட்டில் உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களில் ஐந்தில் நான்கு பேர் ஆண்கள். உயிரோடிருக்கும்போதே உறுப்பு கொடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். கொடுப்பது அன்புதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த அன்பு ஏன் எப்போதும் ஒரே பக்கமாய் ஓட வேண்டும்?

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு என் வீட்டுக் கதையை ஒளிப்பது நியாயமல்ல. என் தகப்பனார் பக்கவாதத்தில் ஆறு ஆண்டுகள் படுக்கையில் கிடந்தார். தூக்கியதும், துடைத்ததும், புரட்டிப் படுக்க வைத்ததும் என் தாயார். நான் வாரம் ஒருமுறை போவேன். இரத்த அழுத்தம் பார்ப்பேன். முதுகில் படுக்கைப்புண் இல்லை என்று மகிழ்ந்து, "நல்லாப் பார்த்துக்கிறீங்கம்மா" என்று பாராட்டிவிட்டு வருவேன். இதற்கிடையில் என் தம்பிக்குக் குடலிறக்கம் என்று டாக்டர் சொன்னதும், ஒரே வாரத்தில் ஆபரேஷன் முடிந்தது. அதற்கும் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தனுப்பியவர் அம்மாதான்.

அப்பா இறந்த பிறகுதான் தெரிந்தது, அம்மாவுக்கு அடி இறங்கியிருந்தது என்று. நாலு ஆண்டுகளாகத் துணியைச் சுருட்டி வைத்துச் சமாளித்திருக்கிறார். கிராமம் கிராமமாய்ப் போய், கூச்சப்படும் பெண்களிடம் இந்தக் குறையைக் கேட்டறிந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தவள் நான். பெற்ற தாயிடம் கேட்கவில்லை! "ஏம்மா சொல்லலை?" என்று அழுதேன். "நான் போய்ப் படுத்துட்டா உங்கப்பாவை யாரு பார்க்கிறது?" என்றார். "நீயும் கேட்கலையே" என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

சகோதர சகோதரிகளே, ஒரு காலத்தில் நம் நாட்டில் பெண்களுக்கு வைத்தியமே எட்டாமல் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று கர்ப்பிணிகள், ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்ற வழக்கத்தால் இறந்துபோனார்கள். அதைக் கண்ட ஐடா ஸ்கடர் அம்மையார் மருத்துவம் படித்து, 1918-ல் வேலூரில் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். நம் திருச்சபையிலும், துறவறச் சகோதரிகள் மருத்துவத் தொழில் செய்யவும் பிரசவம் பார்க்கவும் தடை இருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து குண்டூரில் பணியாற்றிய மருத்துவர் சகோதரி மேரி குளோரி, 1920-ல் தனி அனுமதி பெற்றே தொழில் செய்தார். அன்னா டெங்கல் அம்மையார் போன்றவர்கள் விடாமல் மன்றாடியதன் பலனாக 1936-ல் உரோமாபுரி அந்தத் தடையை நீக்கியது. பழக்கம் என்றும் ஒழுங்கு என்றும் நாம் நினைப்பவற்றையும், உயிர் காக்கும் பொருட்டு மாற்றலாம் என்பதற்குத் திருச்சபையே சாட்சி.

வீட்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வைப் போலவே, ஊரில் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் ஏற்றத்தாழ்வு உண்டு. சித்தாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு, அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். ஆனால் அங்கே காத்திருக்கும் பகல் இலவசமல்ல. அன்றைய கூலி போச்சு. வசதியுள்ள வீட்டில் படுக்கையில் இருக்கும் பாட்டியைப் பார்த்துக்கொள்ளக் காலனியிலிருந்து ஒரு பெண் வருகிறாள். அவளைப் பெற்ற தாயும் படுக்கையில்தான். அந்தத் தாயைப் பார்ப்பது யார்? பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்ட பேத்தி. ஒரு வீட்டின் நிம்மதிக்கு இன்னொரு வீட்டுப் பிள்ளையின் படிப்பு விலையாகிறது. நோயாளிக்கு நற்கருணை எடுத்துச் செல்லும்போது நம் கால்கள் ஊர்த் தெருவுக்குப் போகும் அளவு காலனித் தெருவுக்கும் போகின்றனவா என்று நம் மனச்சாட்சியைக் கேட்டுப் பார்ப்போம்.

"நோயாளியைப் பார்ப்பது பெண்ணுக்கு இயற்கையாகவே வரும், ஆம்பிளைக்கு வராது" என்பார்கள். புனித கமில்லஸ் (1550–1614) யார்? போர்வீரர், சூதாட்டத்தில் சொத்தைத் தொலைத்தவர். ஆறாத கால் புண்ணோடு உரோமையின் ஆஸ்பத்திரிக்கு வந்தவர். அவர் ஏற்படுத்திய சபையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். நோயுற்ற ஒரே பிள்ளையிடம் ஒரு தாய் காட்டும் அன்போடு ஒவ்வொரு நோயாளியையும் கவனிக்க வரம் கேளுங்கள் என்று அந்த ஆண்களுக்குத்தான் அவர் கற்பித்தார். ஆகவே தாய்மனம் என்பது பெண்ணோடு பிறந்து நின்றுவிடுவதல்ல. ஆணும் கேட்டுப் பெறக்கூடிய வரம்.

இப்பொன்விழா ஆண்டில் உங்களிடம் நாலு காரியம் கேட்கிறேன்.

1. இரவுச் சாப்பாட்டையாவது எல்லோரும் ஒன்றாய் உட்கார்ந்து பங்கிட்டுச் சாப்பிடுங்கள். பரிமாறுகிறவரும் அப்போதே உட்காரட்டும்.

2. வீட்டில் யாராவது படுத்துவிட்டால், பார்த்துக்கொள்வதற்கு முறை வையுங்கள். மகனுக்கும் முறை உண்டு, மருமகனுக்கும் உண்டு. பணம் அனுப்பிவிட்டால் முறை தீர்ந்துவிடாது.

3. முப்பது வயது கடந்த பெண்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆரம்ப சுகாதார நிலையம் போய் இரத்தம், சர்க்கரை, அழுத்தம் பாருங்கள். மார்பு, கருப்பைவாய்ப் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். கணவன்மாரே, "போ" என்று சொல்லாதீர்கள். "வா, போவோம்" என்று சொல்லுங்கள். அறுப்பு முடியட்டும், பிள்ளை பரீட்சை முடியட்டும், மூத்தவள் கல்யாணம் முடியட்டும் என்று மார்பில் கட்டியோடு காத்திருந்த ஒரு தாயை எனக்குத் தெரியும். எல்லாம் முடிந்தது, அவரும் முடிந்துபோனார்.

4. ஒவ்வொரு அன்பியமும் தன் பகுதியில் படுக்கையில் இருப்பவர் பெயரை எழுதி வைத்திருக்கிறது. அதற்குப் பக்கத்தில், அவரைப் பார்த்துக்கொள்பவர் பெயரையும் எழுதுங்கள். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் யாராவது போய் நோயாளி பக்கத்தில் இருந்தால், அந்தப் பெண் பூசைக்கு வரலாம்.

நான் இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. கொடியேற்றத்தன்று கோயில் நிரம்பி வழிந்தது. கண் குளிரப் பார்த்தோம். ஆனால் இந்தக் கோயில் கட்டும்போது தலையில் கல் சுமந்த ஒரு சகோதரி அன்றைக்கு வரவில்லை. மூன்று ஆண்டுகளாகவே வரவில்லை. அவர் விசுவாசத்தில் குளிர்ந்துபோகவில்லை. கணவரை விட்டு அசைய முடியவில்லை. நம் மணியோசை அவர் வீட்டில் கேட்கிறது. மணி வந்து மாற்று ஆளாய் உட்காராது. நாம்தான் உட்கார வேண்டும்.

கப்பர்நாகூம் வீட்டில் ஆண்டவர் கையைப் பிடித்துத் தூக்கினார். இன்று அவருக்கு நம் கைகளைத் தவிர வேறு கைகள் இல்லை. வருகிற ஞாயிறன்று அந்தச் சகோதரியை இக்கோயிலில் நாம் பார்ப்போமாக. நோயாளருக்கு ஆரோக்கியமான நம் அன்னை மரியாள் நமக்காக மன்றாடுவாராக.