ஊர் பரிசாகக் கொடுத்த ரைஃபிள்

உங்கள்ல யாரெல்லாம் டெக்ஸ் வில்லர் படிச்சு வளர்ந்தவங்க? லயன் காமிக்ஸ் கூட்டம் உடனே கையைத் தூக்கும்னு தெரியும். டெக்ஸோட பழைய கதையைப் பார்த்தா, அவரே ஒரு காலத்துல சட்டம் தேடிய ஆள்தான். ரேஞ்சர் ஆனது அப்புறம். 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' படத்திலும் ஒரு திருடன்தான் ஊரைக் காப்பாத்தற வீரனா வேஷம் போடுவான். இந்த மாதிரி கதைன்னா நமக்கு ஒரு தனி ஆசை. நானும் அப்படி ஒரு கதை சொல்லலாம்னுதான் ஹென்றி பிரவுனைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். ஆனா கதை வேற பக்கம் போயிடுச்சு.

முதல் சிக்கலே இந்த ஆளை 'அவன்'னு சொல்றதா, 'அவர்'னு சொல்றதா என்பதுதான். இங்கிலீஷ்ல இந்தத் தொல்லை இல்ல. நான் இடத்துக்கு ஏத்த மாதிரி மாத்தி மாத்திச் சொல்றேன், பொறுத்துக்கோங்க.

1878, நியூ மெக்சிகோவில் லிங்கன் என்ற ஊர். வியாபாரப் போட்டி முத்தி, ரெண்டு கோஷ்டிகளும் துப்பாக்கியோட மோதின காலம். ஏப்ரல் 1-ம் தேதி, ஷெரிஃப் வில்லியம் பிரேடி தெருவில் நடந்து வரும்போது, ஒரு மண் சுவருக்குப் பின்னால் ஒளிஞ்சிருந்தவங்க அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதில் ஒருத்தன் பில்லி தி கிட். இன்னொருத்தன் நம்ம பிரவுன், இருபது வயசு தாண்டின பையன். கொலை வழக்கு பதிவானதும் டெக்சாஸுக்கு நகர்ந்துட்டான். அங்கே டஸ்கோசா என்ற ஊர்ப்பக்கம் கொஞ்ச நாள் துணை ஷெரிஃப் வேலைகூடப் பார்த்தான். சண்டைக்காரன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

1882-ல் கான்சாஸ் மாநிலத்தின் தெற்கு எல்லையில் இருக்கும் கால்ட்வெல் ஊருக்கு வந்து சேர்ந்தான். டெக்சாஸிலிருந்து வடக்கே மாடு ஓட்டிக்கொண்டு போகும் பாதையில் இருந்த ஊர் அது. மாசக்கணக்கில் குதிரை மேலேயே இருந்த கௌபாய்கள், கையில் சம்பளக் காசு, கூடவே துப்பாக்கி. அந்த வருஷம் ஜூன் மாசம்தான் ஊர் மார்ஷலையே சுட்டுக் கொன்றிருந்தார்கள். அந்த நாற்காலியில் உட்கார யார் வருவாங்க? பிரவுன் வந்தார். முதலில் துணை மார்ஷல், சில மாசத்தில் மார்ஷல். பென் வீலர் என்ற டெக்சாஸ்காரர் அவருக்கு உதவியாளர். வீலர் என்பதே பொய்ப் பெயர்தான்.

தெரு அடங்கிப்போச்சு. குடி இல்ல, சீட்டு இல்ல, புகை இல்ல, அதிகம் பேச்சும் இல்ல. ஊர்ப் பத்திரிகைகள் புகழ்ந்து தள்ளின. 1883 புத்தாண்டுக்கு ஊர்க்காரங்க சேர்ந்து ஒரு வின்செஸ்டர் ரைஃபிளைப் பரிசாகக் கொடுத்தாங்க. அதில் வெள்ளித் தகடு பதிச்சு, ஊருக்குச் செய்த சேவைக்காகன்னு அவர் பேரையும் பொறிச்சாங்க.

அந்த வருஷம் பிரவுன் ரெண்டு பேரைச் சுட்டுக் கொன்றார். ஒருத்தர் பானி பழங்குடியைச் சேர்ந்தவர், இன்னொருத்தர் சூதாடி. ஊர் பெரிசா ஒண்ணும் கேட்கல. எனக்கு இந்த இடம்தான் உறுத்துது. செத்தது யார் என்பதை வச்சுதான் அவர் நல்ல மார்ஷலா இல்லையான்னு முடிவு பண்ணியிருக்காங்க. மறுபடியும் அவரையே பதவியிலும் வச்சாங்க.

1884 மார்ச்சில் மாட் லெவகுட் என்ற படிச்ச பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். வீடும் வாங்கினார். கிட்டத்தட்ட அஞ்சு வாரம் கழிச்சு, ஒரு கொலைகாரனைத் தேடிப் போறோம்னு ஊரில் சொல்லிட்டு, வீலரோடு கிளம்பினார். கூட ரெண்டு கௌபாய்கள் சேர்ந்துக்கிட்டாங்க.

போனது மேற்கே சுமார் 90 கிலோமீட்டர் தள்ளியிருந்த மெடிசின் லாட்ஜ் ஊருக்கு. ஏப்ரல் 30, காலை நேரம், கொட்டும் மழை. பேங்க் திறந்த கையோடு மூணு பேர் உள்ளே நுழைஞ்சாங்க. ஒருத்தன் வெளியே குதிரைகளோட நின்றான். பேங்க் தலைவர் வைலி பெய்ன் துப்பாக்கியை எடுக்கப் போனார், பிரவுன் சுட்டான். கேஷியர் ஜார்ஜ் கெப்பர்ட் கையைத் தூக்கிட்டார், ஆனாலும் அவரையும் சுட்டாங்க. குண்டு பட்ட கெப்பர்ட் தள்ளாடிக்கொண்டே போய்ப் பணம் இருந்த வால்ட்டைச் சாத்திப் பூட்டிவிட்டுத்தான் விழுந்தார். கொள்ளைக்காரங்களுக்கு ஒத்தைக் காசு கிடைக்கல. இந்தக் கதையில் உண்மையான காவலாளி யாருன்னு என்னைக் கேட்டா, நான் இந்தக் கேஷியர் பேரைத்தான் சொல்வேன். அவரைப் பத்தி யாரும் படம் எடுக்கல.

ஊர்க்காரங்க துரத்தினாங்க. தப்பி ஓடினவங்க ஒரு குறுகலான பள்ளத்துக்குள் புகுந்தாங்க. சுத்தியும் செங்குத்துச் சுவர், வெளியே போக வேற வழி இல்ல. மழைத் தண்ணி உள்ளே ஏறிக்கிட்டே வந்தது. முழங்கால் நனைய நின்று பார்த்துட்டுச் சரணடைஞ்சாங்க. பிடிச்சுட்டு வந்தவங்களுக்கு அது பக்கத்து ஊர் மார்ஷல்னு தெரிஞ்சப்ப எப்படி இருந்திருக்கும்! அன்னைக்கே ஒரு போட்டோ எடுத்தாங்க, நெட்டில் தேடினா கிடைக்கும். விலங்கு போட்டு நாலு பேர் நிக்கிறாங்க.

சாயங்காலம் பிரவுன் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதினான். எல்லாம் உனக்காகத்தான் என்கிறான். நான் யாரையும் சுடல, மற்றவங்கதான் என்கிறான். பேங்க்கில் இருந்தவங்க பார்த்தது வேற. என் சாமான்களை எல்லாம் வித்துடு, வின்செஸ்டரை மட்டும் வச்சுக்கோ என்கிறான். சாகப்போற நேரத்தில் கல்யாணமாகி அஞ்சு வாரமே ஆன பெண்டாட்டிகிட்ட பொய் சொன்ன ஆளுக்கு, அந்தப் பரிசு மட்டும் ஏன் அவ்வளவு முக்கியமா இருந்தது? நடிச்சுக்கிட்டு காத்திருந்த திருடன்னு இவனைச் சொல்லிடலாம். எனக்கு அப்படித் தோணல. அந்த ரைஃபிளை வாங்கிய ஆளாகவும் அவனுக்கு இருக்க ஆசைதான். துப்பாக்கி பிடிக்கிற அந்த ஒரு வேலையைத் தவிர வேற எதையும் எந்த ஊரும் அவன்கிட்ட கேட்கல. லிங்கனில் கேட்டதும் அதேதான், கால்ட்வெல்லில் கேட்டதும் அதேதான்.

அன்னைக்கு ராத்திரியே கூட்டம் ஜெயிலை உடைச்சது. பிரவுன் இருட்டில் ஓடினான், ஷாட்கன்னால் சுட்டுக் கொன்றார்கள். மற்ற மூணு பேரையும் மரத்தில் தூக்கில் போட்டார்கள்.

அந்த வின்செஸ்டர் இப்போ கான்சாஸ் தலைநகர் டோபேகாவில், மாநில மியூசியத்தில் இருக்கு. ஊர் போட்டுக் கொடுத்த வெள்ளித் தகடும் அதிலேயே இருக்கு.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.