ஏடு பாடும் காலம்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எங்கள் இசைக் குழுவினர் இரயில்வே எழுத்தர்கள். மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்தியவர்கள். கணிப்பொறி நுட்பத்தை விரித்துரைக்கும் புலமை எங்களுக்கு இல்லை. பட்டறிவில் கண்டதையே கூற விழைகின்றோம்.

நம் காலனிப் பிள்ளைகளுக்கு வயலின் கற்பித்தவர் சென்ற ஆண்டு மாற்றலாகிச் சென்றார். ஐந்து கோடுகளில் எழுதிய மேனாட்டு முறை இசைக் குறிப்புகளைக் கோப்புகளாக விட்டுச் சென்றார். அவற்றைப் படிக்க அறிந்தார் எங்களுள் ஒருவரும் இலர். விழாவோ நெருங்கிற்று. பிள்ளைகளின் முகம் வாடிற்று.

அந்நிலையில் துணை நின்றது மியூஸ்ஸ்கோர் என்னும் மென்பொருள். அது விலையின்றிக் கிடைப்பது. மியூசிக் எக்ஸ்எம்எல் வடிவிலுள்ள கோப்பை அதில் திறந்து இயக்கினால், எழுதியது ஒலியாகிறது. அதையே மிடி கோப்பாகவும் மாற்றலாம். 1983-இல் தோன்றிய அம்மிடி முறையில் ஒலியே இல்லை என்றறிந்து வியந்தோம். எச்சுரம், எப்போது தொடங்கும், எப்போது முடியும், எவ்வளவு அழுத்தம் என்னும் கட்டளைகளே அதில் உள்ளன. சுரங்களுக்கு 0 முதல் 127 வரை எண்கள் உண்டு. நம் தொழில் வழக்கில் சொன்னால், அது கால அட்டவணை, வண்டியன்று. கணிப்பொறியில் சேமித்த வாத்திய ஒலிகளே வண்டி.

முதல் நாள் ஒரு தாலாட்டை இயக்கினோம். அதில் வேகம் குறிக்கப்படவில்லை. குறியாதபோது மென்பொருள் நிமிடத்திற்கு 120 தட்டு என்று தானே கொள்ளும். தாலாட்டு விரைவு வண்டியாய்ப் பறந்தது. தூங்கும் குழந்தையும் எழுந்திருக்கும்! பின்னர் வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரவர் பகுதியைத் தனியே ஒலிக்கச் செய்தோம். அவர்கள் வீட்டிலிருந்தே பயின்றனர். இன்று மேடையில் நீங்கள் கேட்டது அதன் பயனே.

ஆயினும் ஒன்று சொல்லாமல் விடலாகாது. தோடி இராகக் கீர்த்தனை ஒன்றையும் எழுதி இயக்கினோம். காந்தாரம் அசைவின்றி மரக்கட்டைபோல் நின்றது. கேட்டிருந்த பாட்டியார் ஒருவர், "இது தோடி இல்லை அப்பா, தோடியின் எலும்பு" என்று கூறி, தாமே பாடிக் காட்டினார். அறையில் இருந்தோர் கண் கலங்கினர். கருவி குற்றம் செய்யவில்லை. கமகத்தை நாங்கள் எழுதவில்லை, எழுதாததை அது பாடவில்லை.

இக்கவலை புதிதன்று. சின்னச்சாமி முதலியார் 1893-இல் நம் கீர்த்தனைகளை மேனாட்டுக் குறியீட்டில் அச்சிட்டார். சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட நூலில் கமகங்களுக்கும் தனிக் குறிகள் அமைத்தார். எழுத்தில் இசையைக் காக்க அவர்கள் பட்ட பாடு பெரிது.

ஆதலின் உங்களை வேண்டுகின்றோம். உங்கள் இல்லத்து முதியோர் பாடும் பாடல்களைக் குறிப்பாக எழுதுங்கள். அவர்தம் குரலையும் பதிவு செய்யுங்கள். பிறந்த ஊரை விட்டு வந்த நமக்கு அக்குரல்களே ஊர். ஏட்டைக் கருவி பாடும். குழைவை மனிதரே தர வேண்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!