தடை தாண்டிய குதிரைகள்



குதிரைப் பந்தயத்தைப் பற்றிப் பேச ஒரு பள்ளியாசிரியனுக்கு என்ன தகுதி உண்டு என்று நீங்கள் வினவக்கூடும். பந்தயத்தில் நான் ஒரு காசும் வைத்தவனல்லன். ஆயினும் அதன் விளைவை என் பள்ளியின் வாயிலிலேயே கண்டிருக்கிறேன்.

ஆவடியில் நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, கணக்கில் வல்ல மாணவன் ஒருவன் தேர்வுக் கட்டணம் செலுத்த வேண்டிய நாளன்று வெறுங்கையுடன் வந்து நின்றான். தந்தையின் மாதச் சம்பளம் பந்தயத்தில் போய்விட்டது. மறுநாள் அத்தந்தையும் வந்தார். தலைகுனிந்து நின்றவர், "ஐயா, அது தோற்கிற குதிரையே அல்ல" என்றார். கட்டணத்தை ஆசிரியர்கள் நாங்கள் சேர்ந்து கட்டிவிட்டோம். ஆனால் அவர் சொன்ன சொல் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. தோற்காத குதிரை என்று ஒன்று உண்டா? அவ்வினாவுக்கு விடை தேடியே பந்தய வரலாற்றைப் படிக்கலானேன்.

நம் கிண்டியில் நாம் அறிந்தவை பெரும்பாலும் சமதரை ஓட்டங்களே. உலகப் புகழ் பெற்ற தடை தாண்டும் பந்தயமோ இங்கிலாந்தில், லிவர்ப்பூல் நகரை அடுத்த ஐன்ட்ரீயில் நடைபெறும் 'கிராண்ட் நேஷனல்' ஆகும். 1752ஆம் ஆண்டு அயர்லாந்தில் இருவர் ஒரு மாதா கோயிலின் கோபுரத்திலிருந்து மற்றொரு கோயிலின் கோபுரத்தை நோக்கி, வேலியும் ஓடையும் தாண்டிக் குதிரை செலுத்தியதே இவ்வகை ஓட்டத்தின் தொடக்கம் என்பர். ஐன்ட்ரீயில் குதிரைகள் நாலேகால் மைலுக்கு மேல் ஓடி, முப்பது தடைகளைத் தாண்ட வேண்டும்.

1839ஆம் ஆண்டுப் பந்தயத்தில் வென்ற குதிரையின் பெயர் 'லாட்டரி'! அதே ஓட்டத்தில் கேப்டன் பெச்சர் என்பவர் ஓடையொன்றில் விழுந்தார். வென்ற குதிரையைப் பலர் மறந்தனர். ஆனால் விழுந்தவர் பெயரை அத்தடை இன்றும் தாங்கி நிற்கிறது.

1956இல் இங்கிலாந்து அரசியின் தாயாருக்குரிய 'டெவன் லாக்' என்னும் குதிரை எல்லாத் தடைகளையும் தாண்டி முன்னணியில் வந்தது. வெற்றிக் கம்பம் கண்ணெதிரே இருந்தது. தடையேதும் இல்லாத வெறுந்தரையில் அது திடீரெனத் துள்ளிச் சாய்ந்தது. பின்னால் வந்த 'ஈ.எஸ்.பி.' வென்றது. டெவன் லாக் சாய்ந்ததன் காரணம் இன்றுவரை உறுதியாகவில்லை.

1967இல் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. இருபத்து மூன்றாம் தடையருகே, ஆளில்லாமல் ஓடிய குதிரை ஒன்று குறுக்கே பாய்ந்தது. முன்சென்ற குதிரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதி நின்றன. வெகுதூரம் பின்தங்கியிருந்த 'ஃபொய்னவான்' இடைவெளி கண்டு புகுந்து சென்று வென்றது. ஒன்றுக்கு நூறு தருவதாகப் பந்தயக்காரர்கள் கூறிய குதிரை அது. அதன் சொந்தக்காரரே அன்று பந்தயம் காண வரவில்லை!

குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது என்று நம் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. சட்ட நுணுக்கத்துள் நான் புகவில்லை. ஓடும் குதிரைக்கும், அதைச் செலுத்துபவருக்கும், பழக்கியவருக்கும் பெருந்திறமை உண்டு என்பதில் எனக்கும் ஐயமில்லை.

அதற்குச் சான்று 'ரெட் ரம்'. பாத எலும்பு நோயால் நொந்த இக்குதிரையைச் சவுத்போர்ட் கடற்கரை மணலிலும் உப்புநீரிலும் ஓடவிட்டுப் பழக்கினார் ஜிஞ்சர் மெக்கெயின். 1973இல் 'கிரிஸ்ப்' என்னும் குதிரை நெடுந்தூரம் முன்னே சென்றது; ஆனால் அது ரெட் ரம்மைவிட இருபத்து மூன்று பவுண்டு மிகுதியான எடையைச் சுமந்திருந்தது. கடைசி நொடிகளில் ரெட் ரம் அதனை எட்டிப்பிடித்து, முக்கால் குதிரை நீளத்தில் வென்றது. வென்றோர் பட்டியலில் கிரிஸ்ப்பின் பெயர் இல்லை. எனினும் அன்றைய ஓட்டத்தை அறிந்தவர் எவரும் அதனைத் தோற்ற குதிரை என்று இகழ்வதில்லை.

ரெட் ரம் 1974இலும் 1977இலும் மீண்டும் வென்றது. மும்முறை வென்ற குதிரை அது ஒன்றே. 1995இல் இறந்தபோது ஐன்ட்ரீயின் வெற்றிக் கம்பத்தருகே அதனை அடக்கம் செய்தனர்.

இப்பெருமைகளுக்கு மறுபுறமும் உண்டு. 1989இல் பெச்சர் ஓடையில் இரண்டு குதிரைகள் மடிந்தன. அதன்பின் ஓடையைத் திருத்தினர். 2024 முதல் ஓடும் குதிரைகளின் எண்ணிக்கையை நாற்பதிலிருந்து முப்பத்து நான்காகக் குறைத்தனர். மனிதரின் களிப்புக்கு வாயில்லாச் சீவன் தரும் விலையை நாம் மறத்தல் தகாது.

இனி என் வினாவுக்கு வருகிறேன். மும்முறை வென்ற ரெட் ரம்மே 1975இலும் 1976இலும் இரண்டாவதாகவே வந்தது. ஆகவே தோற்காத குதிரை என்று ஒன்றில்லை. நோயை வென்று ஓடிய உழைப்பு அக்குதிரைக்கும் அதைப் பழக்கியவருக்கும் உரியது. கூலியைப் பந்தயத்தில் வைத்தவர் எத்தடையையும் தாண்டுவதில்லை. தாண்ட வேண்டிய தடையைத் தம் பிள்ளையின் முன்னே வைத்துவிடுகிறார்.

அம்மாணவன் தேர்வு எழுதினான், தேறினான். அவன் தந்தைக்கு இவற்றை எடுத்துச் சொல்ல அன்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவரைப் போன்றோர் எவரேனும் இன்று கேட்டுக்கொண்டிருப்பின், அவருக்காகவே இதனைச் சொன்னேன்.